வாக்காளர் மனம் மாறும் வாரங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தேர்தல் அறிவிக்கப்பட்டதும், வன்னி மக்கள் யாருக்கு வாக்களிப்பது என்று ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதுவது வழக்கமாகிவிட்டது. 2024இல் நடந்தது அதற்கு நேர்மாறானது. செப்டெம்பர் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலில் வன்னித் தேர்தல் மாவட்டத்தில் சஜித் பிரேமதாச முதலிடம் பெற்றார். நாட்டளவில் வென்ற அநுர குமார திசாநாயக்கவுக்கு இங்கு பத்து வீத வாக்குகூடக் கிடைக்கவில்லை. ஆனால் நவம்பர் 14ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தலில், மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்களுக்குமான 6 ஆசனங்களில் 2ஐ வென்று அவருடைய தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிச் சின்னம் முன்னுக்கு வந்தது. இரண்டுக்கும் இடையே 54 நாள்கள்தான். வென்ற பக்கம் சாயும் இயல்பும் இதில் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் வடக்கின் பல சபைகளில் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னம் மீண்டும் முன்னணிக்கு வந்ததை அந்த ஒரு காரணத்தால் விளக்க முடியாது.

அந்த நவம்பர் தேர்தலுக்குச் சில கிழமைகளுக்கு முன்னர், காலபோக விதைப்பு நேரத்தில், ஒரு வேட்பாளர் எங்கள் வயலுக்கு வந்தார். "எங்கட குளத்தின்ர வான்கட்டு உடைஞ்சு எத்தினை போகம் எண்டு தெரியுமோ தம்பி?" என்று என் மாமியார் கேட்டார். "தெரியாது அம்மா, காட்டுங்கோ" என்று சொன்ன அவர், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சேற்று வரம்பால் நடந்துபோய் உடைப்பைப் பார்த்தார். அவருடைய கட்சிக்கு ஒருநாளும் வாக்களித்திராத மாமியார் அன்றிரவே அவரது விருப்பு இலக்கத்தை விசாரித்தார். அதே கேள்விக்கு "வென்ற பிறகு பார்ப்போம்" என்று ஒலிபெருக்கியில் பதில் சொல்லிப் போன இன்னொருவரை, பல தேர்தல்களாக அவரையே நம்பியிருந்த என் மைத்துனர் கைவிட்டார். இந்த இரண்டு செய்தியும் மறுநாள் முற்றத்துக்கு முற்றம் பரவின. 1940இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ஒரே வாக்காளர்களை மாதக்கணக்கில் தொடர்ந்து விசாரித்த லாசர்ஸ்பெல்ட் குழுவினரும், வானொலியையும் பத்திரிகையையும் விட நேருக்கு நேர் நடக்கும் பேச்சே மனத்தை அதிகம் அசைக்கிறது என்றுதான் கண்டார்கள்.

கட்சிக்கு ஒரு புள்ளடி இட்ட பிறகு மூவருக்கு விருப்பு வாக்களிக்கலாம் என்பதால், கட்சியை மாற்றாதவர்கூட ஆளை மாற்றுகிறார். ஆனால் ஒரு கட்சியின் வேட்பாளர் பட்டியலிலுள்ள 9 பேரில் தலைவர்கள் ஓரிருவரின் பேச்சைத்தான் நாங்கள் பத்திரிகையில் வாசிக்கிறோம். குளம், காணி, காணாமல் ஆக்கப்பட்டோர் ஆகிய மூன்றைப் பற்றியும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, அவர்களுடைய பதில்களைச் சொன்னபடியே வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் வேண்டுகிறேன். தபால்மூல வாக்களிப்புக்கு முன்னரே அவை வெளிவந்தால், வேறு மாவட்டங்களில் கடமையாற்றும் எங்கள் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் வாசித்துவிட்டு வாக்களிக்க முடியும்.

இப்படிக்கு,
ஒரு வாக்காளர்,
நெடுங்கேணி.