ஏழாவது ஆட்டத்துக்குப் பிறகு மகனுக்கு

இண்டியானாபொலிஸ்,
9 ஜூலை 2025

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை, கூடைப்பந்து இறுதிப்போட்டியின் ஏழாவது, கடைசி ஆட்டம் தொடங்கும் முன் உன்னோடு கடைசியாகப் பேசியது. அந்த இரவுக்குப் பிறகு இந்தப் பதினேழு நாட்களில் ‘வேலை அதிகம்மா’ என்ற ஒரே ஒரு குறுஞ்செய்திதான் உன்னிடமிருந்து வந்திருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

எனக்கு இன்னும் அந்தத் தோல்வி ஆறவில்லை. முதல் ஆட்டத்தில் அதுவரை ஒரு கணம்கூட முன்னிலை பெறாத நம் ஊர் அணி பேசர்ஸ், 0.3 விநாடி மீதமிருக்கையில் நம் ஆட்டக்காரர் ஹாலிபர்டன் எறிந்த பந்தால் 111–110 என்று வென்ற இரவில், நீ அங்கே கத்தியதும் பின்னாலிருந்து உன்னோடிருக்கும் அவள் கத்தியதும் கைப்பேசியில் ஒன்றாகக் கேட்டன. வழக்கமான பருவத்தில் 68 ஆட்டங்களை வென்ற ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியை ஏழாவது ஆட்டம் வரை இழுத்துக்கொண்டு போவோம் என்று யார் நினைத்தார்கள்? ஆறாவது ஆட்டத்தில் இங்கே, நம் ஊரில், 108–91 என்று வென்றபோது கோப்பை கைக்கு வந்துவிட்டது என்றே நம்பினேன். அந்த நம்பிக்கைதான் இப்போது வலிக்கிறது.

ஐந்தாவது ஆட்டத்திலேயே அந்தப் பிள்ளை ஹாலிபர்டனுக்குக் கெண்டைக்காலில் அடிபட்டிருந்தது உனக்கும் தெரியும். அந்தக் காலோடு வந்து, ஏழாவது ஆட்டத்தின் முதல் சில நிமிடங்களிலேயே தொலைவிலிருந்து, ஒவ்வொன்றும் மூன்று புள்ளியாக, மூன்று பந்துகளைப் போட்டு ஒன்பது புள்ளிகள் சேர்த்துவிட்டு, பந்தோடு முன்னே பாய முயன்ற ஒரு கணத்தில் யாரும் தள்ளாமலே விழுந்தாரே, தரையைக் கையால் அறைந்தாரே, அதைப் பார்த்ததும் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். குதிகால் தசைநார் அறுந்துவிட்டதாம். அடுத்த பருவம் முழுவதும் ஆட முடியாது என்று அணியும் அறிவித்துவிட்டது. அவர் இல்லாமலும் பாதி ஆட்டத்தில் 48–47 என்று நாம்தான் முன்னிலையில் இருந்தோம் என்பதை நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். மூன்றாம் கால்பகுதியில்தான் பந்தைத் திரும்பத் திரும்பப் பறிகொடுத்து, 34–20 என்று அடி வாங்கினோம். நம் அணியில் மெக்கானல் ஒருவர் மட்டும் சளைக்காமல் ஓடிக்கொண்டிருந்தார். முடிவு 103–91. ஆட்டம் முடிந்தபின் ஊன்றுகோலோடு நின்று, தோற்றுத் திரும்பியவர்களை ஹாலிபர்டன் ஒவ்வொருவராக வரவேற்றதை நீ பார்த்தாயா? நான் பார்த்தேன். அவர் வலியை மறைத்துக்கொண்டு ஆடியதை எல்லோரும் வீரம் என்கிறார்கள். எனக்கும் பெருமைதான். ஆனால் அவரைப் பெற்றவர்களை நினைத்துக்கொண்டேன். வலி இருந்தால் சொல்லிவிட வேண்டும் கண்ணா. எந்த வலியாக இருந்தாலும்.

நீ இருக்கும் சியாட்டில் 2008-இல் தன் அணியைப் பறிகொடுத்த ஊர். அந்த அணிதான் ஓக்லஹோமாவுக்குப் போய் தண்டர் என்று பெயர் மாற்றிக்கொண்டு இன்று கோப்பையைத் தூக்கியிருக்கிறது. அங்கே இதைப் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று உன்னைக் கேட்க நினைத்திருந்தேன். இங்கேயோ, பத்துப் பருவங்கள் நம்மோடிருந்த மைல்ஸ் டர்னரும் மில்வாக்கி அணிக்குப் போகிறார். பத்து வருடம் ஓரிடத்தில் இருந்தவர் ஒரே நாளில் போக முடிகிறது.

உன் பதவி உயர்வைப் பற்றி டேட்டன் அத்தையிடம் நான்தான் பெருமையாகச் சொன்னேன். அந்தச் செய்தியைக்கூட நீ எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் சொன்னாய். நல்லதையே தள்ளிப்போட்டுச் சொல்கிறவன் மற்றதை எப்போது சொல்வாய்?

இதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்பதும் தெரியும். 2000-ஆம் ஆண்டு இறுதிப்போட்டியில் நம் அணி லேக்கர்ஸ் அணியிடம் ஆறாவது ஆட்டத்தில் 116–111 என்று தோற்ற இரவில், அன்றைய நம் ஆட்டக்காரர் ரெஜி மில்லர் படம் போட்ட சட்டையோடு நீ சோபாவில் முகத்தைப் புதைத்து அழுதாய். ஏழு வயது உனக்கு. ‘இதற்கெல்லாமா ஆம்பிளைப் பிள்ளை அழுவான், போய்ப் படு’ என்று அதட்டி அனுப்பினேன். நீ சட்டென்று அழுகையை நிறுத்திக்கொண்டு மாடிக்குப் போனாய். அதன் பிறகு அடுப்படியில் விளக்கைப் போடாமல் நின்று நான் அழுதேன். உனக்குக் கேட்டுவிடக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டேன். அன்றைக்குப் பிறகு நீ என் முன்னால் அழுததே இல்லை. அடக்கமான பிள்ளை என்று இத்தனை வருடமும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த முறையும் அதையேதான் செய்தேன். பாதி ஆட்டத்தில் எப்போதும்போல் நீ அழைத்தாய். உன்னிடம் பேசினால் அழுதுவிடுவேனென்று எடுக்கவில்லை. இரவு பன்னிரண்டு மணிக்கு மீண்டும் அழைத்தாய். உறங்கவில்லை, விழித்துத்தான் இருந்தேன். தோற்றதைப் பற்றி இப்போது பேச வேண்டாமென்று கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். நீ விட்டிருந்த குரல் பதிவை மறுநாள்தான் கேட்டேன். ‘அம்மா’ என்று ஒரு முறை அழைத்தாய்; பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. அதை இதுவரை பத்து முறையாவது கேட்டிருப்பேன். நீ ஆட்டத்தைப் பற்றிப் பேசத்தான் அழைத்தாய் என்று இப்போது எனக்குத் தோன்றவில்லை. எடுக்காமல் விட்டதற்கு என்னை மன்னித்துவிடு.

நேரத்துக்குச் சாப்பிடு. வலி இருந்தால் மறைக்காதே. கைப்பேசி இப்போது என் தலையணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உன் ஊருக்கும் இதற்கும் மூன்று மணி நேர வித்தியாசம் என்று தயங்காதே.

இறுதிப்போட்டி தொடங்குமுன் இரண்டு மஞ்சள் சட்டைகள் அனுப்பினேன் அல்லவா, பெரியது உனக்கு, சிறியது அவளுக்கு. அளவு சரியாக இருந்ததா, அவள் அதைப் போட்டுக்கொண்டாளா என்பதை மட்டுமாவது எழுது.

அன்புடன்,
அம்மா