தாரந்தெல்லாவை ஆட்டமாகச் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பியானோ கற்கும் பிள்ளைகளுக்கான உங்கள் தொடரில், சென்ற இதழில், தாரந்தெல்லா என்ற இத்தாலிய நாட்டுப்புற ஆட்டத்தை வைத்து இசையமைப்பாளர் பர்க்முல்லர் எழுதிய ‘தாரந்தெல்லா’ பற்றிப் படித்தேன். நல்ல பீஸைத்தான் எடுத்திருக்கிறார்கள். ஆனால் ‘விரல் வேகத்துக்கு ஏற்ற பயிற்சி’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது எனக்கு வருத்தம். அவருடைய ஓபஸ் (படைப்பு எண்) 100 தொகுப்பில் உள்ள 25 பயிற்சிகளில் இது 20ஆவது. அதனால் அப்படித் தோன்றியிருக்கலாம். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், வேகத்தில் ஆரம்பித்தால் இந்த பீஸ் கெட்டுப்போகும்.

இது 6/8 தாளம். ஒரு பாரில் (தாளச் சுற்றில்) ஆறு குவேவர் (சிறு ஸ்வர அளவு) இருந்தாலும், ஆடுபவரின் கால் தரையில் அழுந்துவது இரண்டே முறைதான். பிள்ளைகள் ஆறையும் எண்ணி ஆறையும் அழுத்துகிறார்கள். அங்கேயே ஆட்டம் போய்விடுகிறது. மும்மூன்றாக எண்ணும் திஸ்ர நடை நம் காதுக்குப் புதிதா என்ன? இடது கையை மட்டும் வாசிக்கவிட்டு, ‘தகிட தகிட’ என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ‘த’வுக்கு மட்டும் எடை. அது பிடிபட்ட பிறகு வலது கை தானாக லேசாகும், வேகமும் வரும். சோகம் தொனிக்கும் டி மைனரிலிருந்து தெளிச்சமான டி மேஜருக்குத் திரும்பும் இடத்தில் பிள்ளையின் முகமே மாறும்.

பெரும் பியானோ இசையமைப்பாளர் சோபினே இந்தத் தாளத்துக்காகக் கவலைப்பட்டவர். 1841இல் பிரான்சின் நோஆன் கிராமத்தில் இருந்தபடி தன் தாரந்தெல்லாவை எழுதியபோது, இத்தாலிய இசையமைப்பாளர் ரோஸினியின் தாரந்தெல்லா 6/8இல் இருக்கிறதா 12/8இல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி பாரிஸிலிருந்த நண்பர் ஃபொன்டானாவுக்குக் கடிதம் எழுதினார். எந்த மாதிரியும் எழுதலாம்தான், ஆனாலும் ரோஸினியுடையது போலவே இருக்கட்டும் என்பது அவர் விருப்பம். எவ்வளவு பெரிய கலைஞர், எவ்வளவு கவனம்!

அப்புறம், அந்த ஆட்டம் பிறந்த மண்ணைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் அது ஜோடியாக ஆடும் கொண்டாட்ட ஆட்டம். தெற்கே புலியா பகுதியில் கதையே வேறு. கோதுமை அறுவடைக் காலத்தில் சிலந்தி கடித்துவிட்டது என்று பெண்கள் சுருண்டு விழுவார்கள். ஆடினால் குணமாகும் என்ற நம்பிக்கையில் வயலினும் தம்புரெல்லோ என்ற கைப்பறையும் வீட்டுக்கு வரும். விழுந்தவள் எழுந்து ஆடி ஓயும்வரை மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் வாசிப்பார்கள். 1959இல் இத்தாலிய மானுடவியலாளர் எர்னெஸ்தோ தெ மார்தினோ தன் குழுவோடு அங்கே போய் ஆய்வு செய்தார். நார்தோ ஊரில் முடிதிருத்தும் தொழில் செய்துவந்த லூயிஜி ஸ்டீஃபானிதான் அப்போது அந்தச் சடங்குகளுக்கு வயலின் வாசித்தவர். விஷத்தைவிட, வெளியே சொல்ல முடியாத துயரமும் ஒடுக்குமுறையுமே அந்தப் பெண்களை ஆட்டிவைத்தன என்பது தெ மார்தினோவின் முடிவு. கடிபட்டதாகச் சொன்ன பலருக்கு ஒவ்வோர் ஆண்டும் அதே பருவத்தில் அது திரும்ப வந்தது. ஜூன் 29 அன்று கலத்தீனாவின் புனித பவுல் சிற்றாலயத்துக்குப் போய் வேண்டிக்கொள்வார்கள்.

சின்னப் பிள்ளைக்கு இவ்வளவும் வேண்டாம்தான். ஆனால் சொல்லிக்கொடுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தொடரின் அடுத்த பகுதியில் மெட்ரோனோம் (வேகம் காட்டும் தாளக் கருவி) அளவுகளோடு இதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஒரு கைப்பறை ஒலிப்பதிவை முதலில் கேட்கவைக்கும்படி பெற்றோருக்கு ஒரு வரி போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
பியானோ ஆசிரியை ஒருவர்,
கோயம்புத்தூர்.