தெரு நடனப் படத்தில் முகம் தெரியட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெரு நடனப் போட்டி பற்றிய ஆவணப்படத்தை அலசிய உங்கள் கட்டுரை, நம் சிங்கப்பூரின் எல்லா இனத்தவரும் அதில் இருப்பதைப் பாராட்டியிருந்தது. யார் யாரை அழைத்தார்கள் என்பதோடு பேச்சு முடிந்துவிடுவதுதான் எங்களுக்குக் குறை. அழைக்கப்பட்டவர் படத்தில் நிலைக்கிறாரா, தலையைக் காட்டிவிட்டுப் போகிறாரா என்பது கேமராவிலும் படத்தொகுப்பிலும்தான் முடிவாகிறது.

முதலில் வெளிச்சம். போட்டி மேடைக்குப் பின்னால் பெரிய எல்இடி திரை எரியும். கேமராவைத் தானியங்கியில் விட்டால், அந்தப் பளபளப்பைப் பார்த்து அது வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். மாநிற முகம் மங்கும். கருத்த முகம் வெறும் நிழலாகிவிடும். பிறகு கணினியில் வெளிச்சத்தைத் தூக்கிக்கொள்ளலாம் என்பார்கள். தூக்கினால் முகமெல்லாம் புள்ளி புள்ளியாக வரும். ஒத்திகையின்போதே, ஆடுபவர்களில் ஆகக் கருத்த நிறமுள்ளவரை ஆடும் வட்டத்தின் நடுவில் நிறுத்தி, அவர் முகத்துக்கு ஏற்பக் கேமராவின் வெளிச்ச அளவை வைத்து, அதைப் பூட்டிவிட வேண்டும். திரையின் பிரகாசத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டும். பக்கவாட்டில் இரண்டு மென்விளக்குகள் போதும். ஏற்பாட்டாளர் முணுமுணுப்பார்; முணுமுணுக்கட்டும்.

தெரு நடனத்தில் பிரேக்கிங், பாப்பிங், வேக்கிங் என்று பல வகை உண்டு; எல்லாவற்றையும் ஒரே கோணத்தில் எடுப்பதும் தப்பு. பிரேக்கிங்கில் பாதி ஆட்டம் தரையில். முழங்கால் உயரத்தில் அகன்ற லென்ஸ் வைத்தால்தான் கால்வேலை தெரியும். பாப்பிங்கில் தசை வெட்டென்று இறுகித் தளர்வதே அழகு. கேமராவைக் கையில் பிடித்து ஆட்டினால் அது காணாமல் போகும். முக்காலியில் அசையாமல் வைக்க வேண்டும். வேக்கிங்கில் கைகள் தலைக்கு மேலும் பின்னும் சுழலும்; முகத்தை நெருங்கிப் பிடித்தால் நடனமே வெட்டுப்படும். 1970களில் லாஸ் ஏஞ்சலிஸ் இரவு விடுதிகளில் கறுப்பின, லத்தீன் தன்பாலீர்ப்பாளர்கள் வளர்த்த நடனம் அது. படங்கள் பெரும்பாலும் இதைச் சொல்லாமலே தாண்டிவிடுகின்றன.

படத்தொகுப்பில் நடப்பது இன்னும் மோசம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங்குக்கு ஐந்து அளவுகோல்கள்: நுட்பம், அசைவு வளம், பிசிறில்லாத செய்நேர்த்தி, இசையோடு இசைவு, தனித்தன்மை. ஒவ்வொன்றும் 20 விழுக்காடு. தலைச்சுழற்சியை மட்டும் ஒட்டி வைத்தால், ஒருவர் ஏன் வென்றார் என்பது பார்ப்பவருக்கு விளங்காது. டிஜே எந்தப் பாட்டைப் போடுவார் என்று ஆடுபவருக்கு முன்கூட்டித் தெரியாது. கேட்ட நொடியில் ஆடுகிறார். பாட்டுக்கான உரிமத் தொகைக்குப் பயந்து பின்னால் வேறு இசையை ஒட்டினால், மத்தள அடியில் விழுந்த கால் அந்தரத்தில் விழுந்ததுபோல் ஆகிவிடும். இசையைக் கேட்டு ஆடுபவருக்குச் செய்யும் அநியாயம் அது. படத்தில் பயன்படுத்த உரிமம் பெற்ற பாடல்களையே போடும்படி போட்டிக்கு முன்பே டிஜேயிடம் பேசிவிடலாம்.

பேட்டிகளிலும் ஒரு வழக்கம் உண்டு. நுட்பத்தை விளக்க ஆண்கள், பெண்களிடமும் நம் இந்தியப் பிள்ளைகளிடமும் “வீட்டில் ஒத்துக்கொண்டார்களா?” என்ற கேள்வி. முதல் வரைவு முடிந்ததும் ஒரு தாளில் பெயர், ஆடிய நொடிகள், நுட்பம் பேசிய நொடிகள் என்று மூன்று பத்தி போட்டு நிரப்பிப் பாருங்கள். மூன்றாவது பத்தியில் யாருக்குச் சுழியம் விழுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

எஸ்பிளனேட் நிலத்தடி நடைபாதையில் பயிற்சி செய்யும் பிள்ளைகள் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுவார்கள். அப்படியே பேசவிட்டு வசன வரி போடலாம். தமிழில் வரி போட்டால் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுத் தனியே நிற்கும் அவலம் நேரும். பிரீமியர் என்ற படத்தொகுப்பு மென்பொருளில் கிராபிக்ஸ் அமைப்புக்குள் போய் எழுத்துருவாக்க முறையைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். படத்தை வெளியே எடுத்தபின் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் கைப்பேசியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒளிப்பதிவு, படத்தொகுப்புத் துறை வாசகர்கள்,
சிங்கப்பூர்