செயின்ட் கில்டாவுக்குப் போகிற மகளுக்கு

அன்புள்ள கயல்,

ஸ்காட்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக்கில் இருக்கும் செயின்ட் கில்டா தீவுகளுக்கு ஜூன் மாதத்தில் போகலாம் என்று முடிவு செய்தது நல்ல யோசனை. பஃபின் கடற்பறவைகள் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே கடலுக்குத் திரும்பிவிடும். படகுகளும் ஏப்ரல் நடுவிலிருந்து செப்டம்பர் வரைதான் ஓடுகின்றன. ஆனால் ஒரே ஒரு நாளை நம்பிப் போகாதே. ஹாரிஸ் தீவில் லெவர்பரோ பக்கம் மூன்று இரவாவது தங்கு. இன்றைக்குக் கிளம்ப முடியாத படகு நாளைக்குக் கிளம்பலாம். அதற்கு நீ கரையில் இருக்க வேண்டும்.

கிளம்பலாமா வேண்டாமா என்பதைக் காற்றின் வேகத்தைவிட அதன் திசைதான் தீர்மானிக்கும். செயின்ட் கில்டாவின் பெரிய தீவான ஹிர்டாவில் இறங்க முடிகிற ஒரே நல்ல இடம் வில்லேஜ் பே. அது தென்கிழக்கைப் பார்த்துத் திறந்திருக்கிறது. மேற்கிலிருந்து அடித்தால் மலையே தடுத்துவிடும். தென்கிழக்கிலிருந்து மிதமாக வீசினாலும் அலை நேராகத் துறைக்குள் வந்து மோதும். பெரிய படகு கரையை ஒட்டாது. ரப்பர் படகில் மாறி, அலை ஏறும் நொடி பார்த்துப் படியில் கால் வைக்க வேண்டும். அதனால் வெயில் அடிக்கிற நாளில்கூடப் பயணத்தை ரத்து செய்வார்கள். படகோட்டியிடம் வாதாடாதே.

லெவர்பரோவிலிருந்து இரண்டரை முதல் மூன்று மணி நேரம், திறந்த அட்லாண்டிக்கில். குமட்டல் மாத்திரையைப் படகு ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போடு. ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டால் வயிற்றில் நிற்காது. வெறும் வயிற்றோடு ஏறாதே. பின்பக்கம் உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிரு, போனைப் பார்க்காதே. இன்னொன்று: ஊயிக் என்ற பெயரில் ஸ்கை தீவிலும் ஓர் ஊர், லூயிஸ் தீவிலும் ஓர் ஊர் இருக்கிறது. ஹாரிஸுக்குப் பெரிய கப்பல் கிளம்புவது ஸ்கையில் உள்ள ஊயிக்கிலிருந்து.

முந்தின இரவே பையைக் கொட்டிச் சோதித்துவிடு. செயின்ட் கில்டாவில் பெரிய எலி (rat) கிடையாது. பஃபினும் லீச் பெட்ரல் என்கிற கடற்பறவையும் மண்ணுக்குள் வளை தோண்டி முட்டையிடுகிறவை. சினையுள்ள ஓர் எலி கரையேறினால் போதும், சில ஆண்டுகளில் வளை வளையாகக் காலி செய்துவிடும். துறைமுகத்தில் பையைத் திறந்து போட்டு வைக்காதே. சாப்பாட்டை மூடிய டப்பாவில் எடுத்துப் போ. பூட்ஸ் அடியில் ஒட்டிய மண்ணையும் விதையையும் பிரஷ் போட்டுக் கழுவு.

கரையில் நாலைந்து மணி நேரம் கிடைக்கும். முதலில் மேலே ஏறிவிடு. ஆய்செவல், கொனாகெர் மலைகளுக்கு நடுவில் உள்ள கணவாய்க்கு முக்கால் மணி நேரம் போதும். அங்கே நிலம் திடீரென்று முடியும். கொனாகெர் 430 மீட்டர். அதன் வடக்கு முகம் பிரிட்டனிலேயே உயரமான கடற்பாறை. விளிம்பில் புல் வெளியே நீண்டு தொங்கும்; அடியில் மண் இருக்காது. ஈரப் புல்லில் பூட்ஸ் வழுக்கும், காற்று விட்டுவிட்டு அடிக்கும். நின்று எட்டிப் பார்க்காதே, விளிம்புக்கு முன்பே குப்புறப் படுத்துப் பார். மேட்டில் பாங்க்ஸி என்கிற பெரிய ஸ்குவா பறவை தலையை நோக்கிப் பாயும். கைத்தடியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடி, அது தடியைத்தான் குறிவைக்கும். குனிந்து பின்வாங்காதே, பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. கூட்டில் இருக்கும் ஃபுல்மர் பறவையை நெருங்கினால் வயிற்று எண்ணெயைப் பீய்ச்சும். அந்த நாற்றம் துணியை விட்டுப் போகவே போகாது.

இறங்கும்போது அவசரப்படாமல், கிளீட் எனப்படும் சின்னக் கல் சேமிப்புக் குடில்களைப் பார். ஹிர்டாவில் மட்டும் 1,200-க்கு மேல் இருக்கின்றன. கல்லைச் சுண்ணாம்பு இல்லாமல் அடுக்கி, சுவரை மேலே போகப் போக உள்பக்கம் சாய்த்து, பலகைக் கற்களால் மூடி, அதன்மேல் புல்மண் போட்டிருப்பார்கள். கூரை மழையை விடாது. சுவரின் இடுக்குகள் காற்றை விடும். உப்பு அரிதாகக் கிடைத்த இடத்தில் பறவைக் கறி, முட்டை, தானியம், எரிக்க வெட்டிய புல்மண், கயிறு எல்லாவற்றையும் இதில்தான் உலர்த்திக் காத்தார்கள். ஒன்றுக்குள் குனிந்து போய்க் கல்லிடுக்கில் உள்ளங்கையை வைத்துப் பார். வெளியே வீசும் காற்று மெல்லிய கோடு கோடாக உள்ளே வரும். தரையில் செம்மறிப் புழுக்கையும் உதிர்ந்த கம்பளியும் கிடக்கும். சில நேரம் செத்த ஆடும் கிடக்கும். மேலே மட்டும் ஏறாதே. ஒரு கல் நகர்ந்தால் கூரை உள்ளே விழும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எல்லோரும் 1930 ஆகஸ்ட் 29 அன்று ஊரில் கடைசியாக மிஞ்சிய 36 பேரை ஹேர்பெல் கப்பல் ஏற்றிப் போனதையும், வீடுகளில் திறந்து வைத்துவிட்டுப் போன பைபிளையும் மட்டும் பேசுகிறார்கள். வாழவே முடியாத இடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது ஏற்புடையது இல்லை. 1697-இல் அங்கே 180 பேர் இருந்தார்கள். காற்றையும் பாறையையும் சமாளிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். ஊர் குறைந்தது வேறு காரணங்களால். 1852-இல் 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். பலர் வழியிலேயே இறந்தார்கள். பிறந்த குழந்தைகளில் பல, சில நாட்களிலேயே டெட்டனஸில் தாடை இறுகிச் செத்தன. 1890-களில் அங்கஸ் ஃபிடிஸ் என்ற பாதிரியார் பிரசவத்தில் கிருமிநீக்க முறையைக் கொண்டுவந்த பிறகுதான் அது நின்றது. முதல் உலகப்போரில் கடற்படை வந்து தங்கியதால் தபாலும் உணவும் ஒழுங்காக வந்தன. போர் முடிந்ததும் அது போயிற்று, இளைஞர்களும் போனார்கள். 1926-இல் காய்ச்சலில் நான்கு ஆண்கள் இறந்தார்கள். பாறையில் ஒருவர் இறங்க மேலே கயிறு பிடிக்க ஆள் வேண்டும், படகைத் தள்ள ஆள் வேண்டும். அந்த எண்ணிக்கைக்குக் கீழே போனதும் அந்த வாழ்க்கை தாக்குப்பிடிக்கவில்லை. 1930 மே மாதம் அவர்களே மனு எழுதி வெளியேறக் கேட்டார்கள்.

தெருவில் திரியும் சின்னப் பழுப்புச் செம்மறிகள் ஊராருடையவை அல்ல. 1932-இல் பக்கத்து சோய் தீவிலிருந்து 107 ஆடுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். தீனியும் இல்லை, மருந்தும் இல்லை. கம்பளியைத் தானே உதிர்க்கும். கூட்டம் பெருகிய ஆண்டில் குளிர்காலம் ஈரமாக இருந்தால் பாதிக்கு மேல் சாகும். 1985 முதல் ஆய்வாளர்கள் ஒவ்வொன்றையும் கணக்கெடுத்துவருகிறார்கள். காதில் அட்டை பார்த்தால் அதற்குத்தான். கல்சுவர்களில் உரக்கப் பாடும் ரென் குருவியையும் கவனி, நிலப்பகுதி ரென்னைவிடப் பெரியது, வேறெங்கும் இல்லாத உள்வகை. ராணுவக் கட்டடங்களையும் மலைமேல் ரேடாரையும் பார்த்து எரிச்சல்படாதே, ராணுவம் 1957-இலிருந்து அங்கே இருக்கிறது.

திரும்பும் படகு பெரும்பாலும் பக்கத்திலுள்ள போரெரே தீவு வழியாகச் சுற்றும். கடலில் செங்குத்தாக நிற்கும் ஸ்டாக் லீ பாறை தூரத்தில் வெள்ளையாகத் தெரியும். அத்தனையும் கானெட் பறவைகளும் அவற்றின் எச்சமும். அருகில் போனதும் தொப்பி போட்டுக்கொள், வாயை மூடிக்கொள். 196 மீட்டர் உயரமான ஸ்டாக் அன் ஆர்மின் பாறையையும் நன்றாகப் பார். 1727-இல் ஹிர்டாவில் பெரியம்மை பரவியதால் அழைத்துப் போக ஆள் வராமல், மூன்று ஆண்களும் எட்டுச் சிறுவர்களும் ஒன்பது மாதம் அதன்மேல் இருந்து உயிர் பிழைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஹாரிஸில் கடைகளும் பெட்ரோல் பங்க்கும் பெரும்பாலும் மூடியிருக்கும். டார்பெர்ட்டில் சனிக்கிழமையே எல்லாம் வாங்கிவிடு. ஹிர்டா கரையில் சாப்பாடு விற்கமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு, இரண்டு வேளைக்குக் கட்டிக்கொண்டு போ. படகின் பெயரையும் தேதியையும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா