தண்டனைக்கு முன் விசாரிக்க வேண்டியது

சிறார் குற்றங்கள் குறித்த நேற்றைய தலையங்கம் கடும் தண்டனையை வலியுறுத்துகிறது. ஆத்திரம் புரிகிறது. ஆனால், வன்முறையின் வேரைக் குழந்தைப் பருவத்தில் தேட வேண்டும் என்று உளப்பகுப்பாய்வு மரபினர் (மனத்தின் ஆழத்தில் புதைந்த நினைவுகளை ஆராய்பவர்கள்) சொல்லத் தொடங்கி நூறாண்டு கடந்துவிட்டது. லண்டன் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, திருட்டில் சிக்கிய 44 சிறாரை ஆராய்ந்து 1944இல் முடிவை வெளியிட்டார். யாரிடமும் பாசமோ குற்றவுணர்வோ காட்டாத 14 பேரில் 12 பேர், சிறு வயதிலேயே தாயை நெடுநாள் பிரிந்திருந்தவர்கள். சிறிய ஆய்வுதான், பிரிவு மட்டுமே ஒருவனைக் குற்றவாளியாக்கிவிடாது, சரி. ஆனாலும், அரசுப் பள்ளியில் நான் பாடம் நடத்திய காலத்தில், எதற்கெடுத்தாலும் கைநீட்டிய மாணவர்களில் பலர், பெற்றோர் வெளியூர் வேலைக்குப் போய்விட, உறவினர் வீடுகளில் மாறி மாறி வளர்ந்தவர்கள்.

2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டப்படி, கொடுங்குற்றத்தில் சிக்கிய 16 முதல் 18 வயதினரின் மனநிலையை, சிறார் வழக்குகளை விசாரிக்கும் சிறார் நீதி வாரியம் முதலில் மதிப்பிடுகிறது. அந்த மதிப்பீட்டில், ஐந்து வயது வரை அவரை வளர்த்தது யார் என்ற விவரத்தையும் கட்டாயமாக்கலாம். வழக்கு விசாரணைக் காலத்தில் சிறாரைத் தங்கவைக்கும் கூர்நோக்கு இல்லந்தோறும் முழுநேர உளவியலாளர் ஒருவரை நியமித்து, வாராவாரம் அங்குள்ள சிறாரோடு பேச வைக்கலாம்.

- ஓய்வுபெற்ற ஆசிரியர், சேலம்