பதிவேட்டில் இல்லாத பட்டறைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா ஊரடங்கிலிருந்து திருப்பூர் மீண்டுவிட்டது என்பதற்கு ஏற்றுமதித் தொகையே எப்போதும் சான்றாகக் காட்டப்படுகிறது. பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஒரு பவர் டேபிள் பட்டறையை நடத்துபவன் என்ற முறையில், அந்தத் தொகையில் தெரியாதவர்களைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

2020 மே மாதம் மத்திய அரசு அறிவித்த 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் பல கம்பெனிகளைக் காப்பாற்றியது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிணை கேட்காத அந்தக் கடன், அவ்வாண்டு பிப்ரவரி 29 அன்று ஒருவருக்கு வங்கியில் நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம் வரை என்று கணக்கிடப்பட்டது. வங்கிப் படியே ஏறாமல், வெளியில் வட்டிக்கு வாங்கி நான்கு மெஷின் போட்டவருக்கு அதில் ஒரு ரூபாய்கூடக் கிடைக்க வழியில்லை. அவருடைய வட்டி மட்டும் ஊரடங்கிலும் நிற்கவில்லை.

தொழிலாளர்கள் நிலையும் இதுதான். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை சிறு நிறுவனங்களின் வருங்கால வைப்பு நிதிப் பங்கை, தொழிலாளியின் பங்கையும் சேர்த்து, அரசே செலுத்தியது. 20 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு அந்த நிதி கட்டாயமில்லை என்பதால், பீஸ் ரேட்டுக்குத் தைத்த டெய்லர்களுக்கும் செக்கிங் பெண்களுக்கும் அச்சலுகை வந்து சேரவில்லை. என் பட்டறையிலும் யார் பெயரும் பதிவில் இல்லை. சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் நான் பதிந்திருக்க வேண்டும் என்ற வருத்தம் இன்றும் உண்டு. சனிக்கிழமைச் சம்பளம் நின்றதும் நகையை அடகு வைத்தவர்களில் சிலர், வேலை திரும்பிய பிறகும் இரண்டு ஆண்டுகள் வட்டிதான் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பின்னர் நூல் விலை ஏறியபோது எங்களுக்கு வர வேண்டிய பில் தொகைகள் மேலும் தள்ளிப்போயின. குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் ‘உத்யம்’ பதிவு இல்லாதவர் அதைக் காட்டிக் கேட்பது கடினம், பதிவு உள்ளவரும் அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்று வாய் திறப்பதில்லை.

ஆகவே மாவட்டத் தொழில் மையம், பட்டறைகள் உள்ள வீதிகளிலேயே முகாம் நடத்தி உத்யம் பதிவைச் செய்து தர வேண்டும். அதே முகாமில் வங்கி அதிகாரிகளும் அமர்ந்து, கூலி பில்களைப் பார்த்துச் சிறு கடன் வழங்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பவர் டேபிள் பட்டறை உரிமையாளர்,
திருப்பூர்.