நள்ளிரவு நிகழ்ச்சிக்கு மாறியிருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

காலை நிகழ்ச்சியிலிருந்து உன்னை நள்ளிரவு நிகழ்ச்சிக்கு மாற்றியதைத் தண்டனை போல எழுதியிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வானொலிக்கு இரவு எப்போதுமே பெரிய நேரம். பகலில் சூரிய ஒளியால் வானில் உருவாகும் ஓர் அயனி அடுக்கு, அதாவது மின்னேற்றம் பெற்ற துகள்களின் அடுக்கு, வானொலியின் மத்திய அலைகளை உறிஞ்சிவிடுகிறது. பொழுது சாய்ந்ததும் அது மறைந்துவிட, அலைகள் அதற்கும் மேலுள்ள அடுக்கில் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இறங்குகின்றன. பகலில் ஓர் ஊருக்குள் அடங்கும் குரல், இரவில் பல மாநிலங்களைத் தாண்டும்.

1964இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில், 50,000 வாட் திறனுள்ள கேஎஸ்எல் நிலையத்தில் ஹெர்ப் ஜெப்கோ தொடங்கிய இரவு நிகழ்ச்சி இப்படித்தான் நெடுந்தொலைவு பரவியது. அரசியலும் மதமும் வேண்டாம் என்பது அவர் வகுத்த விதி. அழைத்தவர்களில் முதியவர்களும் தனித்து வாழ்பவர்களும் மிகுதி. தங்கள் அன்றாட வாழ்வைப் பேசிய அந்த நேயர்கள், பின்னர் தமக்குள் சங்கங்கள் அமைத்து நேரில் சந்திக்கவும் தொடங்கினார்கள். ஒரு தொகுப்பாளருக்கு இதைவிடப் பெரிய வெற்றி இருப்பதாக நான் நினைக்கவில்லை.

1978இல் மியூச்சுவல் என்ற அமெரிக்க வானொலி வலையமைப்பின் இரவு நேரத்துக்கு வந்த தொகுப்பாளர் லாரி கிங், முதலில் விருந்தினரிடம் தானே பேசுவார். பிறகு நேயர்கள் அந்த விருந்தினரிடம் கேள்வி கேட்பார்கள். அதன் பின் யாரும் எதைப் பற்றியும் அழைக்கலாம். இரவு முதிர முதிரத் தன் இடத்தை நேயருக்கு விட்டுக்கொடுக்கும் அந்த வரிசையை நீ கவனித்துப் பார். நெவாடா பாலைவனத்தின் பரம்ப் என்ற ஊரில் தன் வீட்டிலிருந்தே இரவு நிகழ்ச்சி நடத்திய ஆர்ட் பெல், அழைப்புகளை முன்கூட்டி வடிகட்டாமல் நேராக எடுத்தார். அங்கே வந்த பறக்கும் தட்டுக் கதைகளில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் விசித்திரமாகப் பேசுபவரையும் முழுதாகப் பேசவிட்ட அவருடைய பொறுமையை நான் மதிக்கிறேன்.

தொலைக்காட்சியில் இரவு இவ்வளவு பொறுமையாக நடத்தப்பட்டதில்லை. லிண்டா எல்லர்பீயும் லாயிட் டாபின்ஸும் 1982இல் அமெரிக்கத் தொலைக்காட்சியான என்பிசியில் தொடங்கிய இரவுச் செய்தி, பார்ப்பவர்களை அறிவுள்ளவர்களாக நடத்தியது. பாராட்டுகள் குவிந்தும், விளம்பர வருமானம் போதாமல் மறு ஆண்டே நிறுத்தப்பட்டது. மாறாக, ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே 1990இல் தொடங்கிய 'ரேடியோ ஷின்யாபின்' என்ற இரவு வானொலி நிகழ்ச்சி, அனுபவமிக்க அறிவிப்பாளர்களின் நிதானமான பேச்சோடு இன்றும் விடியும்வரை ஒலிக்கிறது.

நான் செவிலியராக இரவுப் பணி பார்த்த காலத்தில், உறக்கம் வராத நோயாளிகள் சிறு வானொலியைத் தலையணைக்கு அடியில் வைத்து, சொற்கள்கூடத் தெளிவாகக் கேட்காத அளவுக்கு ஒலியைக் குறைத்து வைத்திருப்பார்கள். விழித்திருக்கும் இன்னொரு மனிதரின் குரல் அருகில் இருப்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஆகவே, கூவி உற்சாகப்படுத்தும் காலைக் குரலை நீ இரவுக்குக் கொண்டுபோகாதே.

சென்ற வாரம் ஒரு லாரி ஓட்டுநர் உன்னை அழைத்து, "என் மனைவி போன மாசம்..." என்று தொடங்கி நிறுத்தினார். நீ உடனே ஆறுதல் சொல்லி, அவர் மனைவிக்காக ஒரு பாட்டும் போட்டுவிட்டாய். உன் அன்பில் குறையில்லை. ஆனால் அவர் சொல்ல வந்தது என்னவென்று நம் யாருக்கும் தெரியாமல் போயிற்று. அந்த இடத்தில் நீ காத்திருந்திருக்கலாம். ஒலிபரப்பில் மௌனம் விழுந்தால் நிலையமே நின்றுவிட்டதென்று மேலதிகாரிகள் பதறுவார்கள் என்று நீ அஞ்சுவது எனக்குப் புரிகிறது. மௌனத்தைக் கண்டு எச்சரிக்கும் கருவி எத்தனை விநாடிகளுக்குப் பிறகு ஒலிக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று உங்கள் பொறியாளரிடம் கேட்டு வைத்துக்கொள். ஒருவர் மூச்சை இழுத்து அடுத்த சொல்லைத் தேட, பெரும்பாலும் அதற்குக் குறைவான நேரமே வேண்டியிருக்கும்.

பகலில் அறையை நன்றாக இருட்டாக்கிக்கொண்டு தூங்கு. அந்த ஓட்டுநர் மறுபடி அழைத்தால் எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா